பிரா ஆஞ்சலிக்கோ: ஓவியரும் அவர் சமுதாயமும்

மதஞ் சார்ந்த கலையை நாம் எங்ஙனம் நோக்குதல் வேண்டும் என்னும் வினா முற்போக்குச் சிந்தனையுடையாரிடையே காலந்தோறும் எழுந்து வருவதொன்று. மதம் ஆளும் வர்க்கத்தின் கருவியாதலின் மதத்துக்கு ஊழியஞ் செய்த கலையும் அத்தகையதே எனக் கூறி, ஒரு சாரார் அதனை ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். கலை காலத்தையும் இடத்தையும் கடந்தது, அதனைச் சமுதாயத்தோடு பிணைத்துப் பேசுவதே பிழை என மறுசாரார் சாதிப்பர். இவ்விரு கூற்றுக்களும் வெளித்தோற்றத்தில் முரண்பட்டனவாயினும் ஒரு வகையில் ஒத்தனவே. இரண்டும் கற்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. ஓர் ஓவியம் யார் பொருளில், யார் கையால், எந்தத் தேவை கருதி, எவர் பார்ப்பதற்காகத் தீட்டப்பட்டது என்பதை ஆராயும் கடமை இரு சாரார்க்கும் இல்லாது போகின்றது.

இவ்வினாவைப் பொதுப்பட விவாதிப்பதிலும், ஒரு தனி மனிதரின் வாழ்வையும் பணியையும் எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தல் பயனுடைத்து. அதற்கு ஏற்றவர் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியில் வாழ்ந்த பிரா ஆஞ்சலிக்கோ. ‘பிரா’ என்பது துறவியரான சகோதரரைக் குறிக்கும் சொல். ‘ஆஞ்சலிக்கோ’ என்பது தேவதூதரை ஒத்தவர் எனப் பொருள்படும் அடைமொழி. அவர் வாழ்ந்த காலத்தில் எவரும் அவரை அப்பெயரால் அழைத்ததாகத் தெரியவில்லை. இறந்தபின் வந்து ஒட்டிய பெயர் அது. அவர் தீட்டியவை யாவும் மதஞ் சார்ந்தன. யேசு, கன்னி மரியாள், புனிதர், தேவதூதர் என்போரையன்றி வேறெவரையும் தமது ஓவியங்களின் தலைமை மாந்தராக அவர் கொண்டாரில்லை. எனவே, மதக் கலையில் நமக்குப் பங்குண்டா இல்லையா என்பதை அறிய இவரினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தலரிது.

முதற்கண் அவர் வாழ்ந்த நகரத்தை நோக்குவோம். புளோரன்ஸ் நகரம் அரசனில்லாத நகரம். கம்பளி நெசவும் வட்டித் தொழிலும் அதனை வளர்த்தன. 1252ஆம் ஆண்டு முதல் அங்கே அச்சிடப்பட்ட ‘புளோரின்’ என்னும் பொன் நாணயம் ஐரோப்பாவின் சந்தைகளெங்குஞ் செல்லுபடியாயிற்று. தொழிற் சங்கங்கள் எனத்தக்க வணிகர், கைவினைஞர் கழகங்களே நகராட்சிக்கு அடிப்படையாயிருந்தன. குடியரசு என்பது அதன் பெயர். ஆயின் அது யாருடைய குடியரசு? கம்பளியைச் சிக்கெடுத்தும் கழுவியும் கூலிக்கு உழைத்த ஆயிரக்கணக்கானோர்க்குக் கழகம் அமைக்கும் உரிமை இல்லை. 1378ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ‘சொம்பி’ எனப்பட்ட அத்தொழிலாளர் கிளர்ந்தெழுந்து நகர மாளிகையைக் கைப்பற்றினர். மூன்று புதிய கழகங்கள் தோன்றின. சில வாரங்களிலேயே கம்பளித் தொழிலாளரின் கழகம் நசுக்கப்பட்டது. 1382இல் எஞ்சிய இரண்டும் கலைக்கப்பட்டன. ஆட்சி மீண்டும் செல்வர் கைக்கே சென்றது.

நாம் ஆராயும் ஓவியர் பிறந்தது இக்கிளர்ச்சி அடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னராகும். நகரத்தின் செல்வம் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பதை 1427ஆம் ஆண்டின் சொத்து வரிப் பதிவேடு காட்டுகின்றது. ஏறத்தாழ 40,000 மக்கள் வாழ்ந்த அந்நகரில், முதல் நூறு குடும்பங்களின் கையில் நகரச் செல்வத்தில் நாலிலொரு பங்கிற்கு மேல் இருந்தது. அப்பதிவேட்டின்படி நகரத்திலேயே பெருஞ் செல்வர் பல்லா ஸ்திரோசி என்பவர். அவரை 1434இல் நாடு கடத்தி, நகரத்தின் உண்மைத் தலைவராய் எழுந்தவர் வட்டித் தொழில் அதிபர் கோசிமோ தெ மெதிச்சி. இவ்விருவரும் பிரா ஆஞ்சலிக்கோவிடம் பணி கொண்டவர்கள் என்பது மனங்கொளத்தக்கது. அரசியலிற் பகைவரான இருவர்க்கும் ஒரே துறவியின் தூரிகை வேண்டியிருந்தது.

ஓவியரின் இயற்பெயர் குயிதோ தி பியெத்ரோ. பியெத்ரோவின் மகன் குயிதோ என்பது பொருள். புளோரன்சுக்கு வடகிழக்கேயுள்ள முஜெல்லோ என்னும் மலைப்புறத்திலே, விக்கியோ என்ற ஊருக்கு அணித்தே, 1395ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். 1417ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு பக்திச் சபையிற் சேர்ந்தபோது அவர் ஓவியரெனவே பதியப்பட்டுள்ளார். எனவே, மடத்துக்குள் வந்து ஓவியங் கற்ற துறவியல்லர் அவர். தொழில் கற்றுத் தேர்ந்த கைவினைஞராய்ப் பின்னர் துறவு பூண்டவர். 1423ஆம் ஆண்டளவில் அவர் புளோரன்சை நோக்கி நிற்கும் பியெசோலே என்னுங் குன்றிலுள்ள புனித டொமினிக் மடத்தில் சகோதரர் ஜொவான்னியாக வாழ்வதைக் காண்கின்றோம். அவருடைய உடன்பிறந்தார் பெனெதெத்தோவும் அங்கே துறவியாகி ஏடெழுதும் பணியில் ஈடுபட்டார்.

அம்மடம் எத்தகையது என்பதை அறிதல் இன்றியமையாதது. டொமினிக்கன் சபை 13ஆம் நூற்றாண்டில் வறுமையை விரதமாகக் கொண்டு எழுந்த சபை. காலப்போக்கில் அவ்விரதம் தளர்ந்தது. மடங்கள் சொத்துச் சேர்த்தன. இந்நிலையை எதிர்த்து, ஆதி விதிகளை முற்றாகக் கைக்கொள்ள வேண்டுமென ஓர் இயக்கம் சபைக்குள்ளேயே பிறந்தது. அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜொவான்னி தொமினிச்சி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய மடமே பியெசோலே மடம். தனிச் சொத்தின்மை, மௌனம், கல்வி, போதனை என்பன அங்கு கட்டாயமாயிருந்தன. பொன்னே அளவுகோலாகிவிட்ட ஒரு நகரத்தின் விளிம்பிலே, பொன்னைத் தீண்டோம் எனச் சூளுரைத்த ஒரு கூட்டம் வாழ்ந்தது. தொழில் தெரிந்த, உழைத்துப் பொருளீட்ட வல்ல ஓர் இளைஞர் அக்கூட்டத்திற் சென்று சேர்ந்தார் என்றால், அது தனிமனித பக்தி மாத்திரமன்று. அக்காலச் சமுதாயத்தைப் பற்றிய ஒரு தீர்ப்புமாகும். அத்தீர்ப்பை மதத்தின் மொழியிலன்றி வேறு மொழியிற் கூற அன்று வழியிருக்கவில்லை.

எனினும் துறவு பூண்டமையால் அவர் தூரிகையைக் கைவிடவில்லை. மடத்துள்ளே ஓவியப் பட்டறையொன்று இயங்கிற்று. வெளியிலிருந்து பணிகள் வந்தன, உதவியாளர் உடனுழைத்தனர், கிடைத்த கூலி மடத்தின் பொதுச் சொத்தாயிற்று. இவ்வுண்மை ஒரு சிறந்த ஆவணத்தால் விளங்குகின்றது. 1433ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரத்துச் சணற்றுணி வணிகர் கழகம் தமது மன்றத்துக்கென மாதா படமுள்ள பெருங்கூடொன்றை வரைவித்தது. சலவைக்கற் சட்டத்தைத் திட்டமிட்டவர் புகழ்பெற்ற சிற்பி கிபெர்த்தி. ஓவியம் பிரா ஆஞ்சலிக்கோவிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளும் புறமும் பொன்னும் நீலமும் வெள்ளியும் கிடைப்பனவற்றுள் மிகச் சிறந்தனவாயிருத்தல் வேண்டும் என ஒப்பந்தம் விதிக்கின்றது. கூலி 190 பொன் புளோரின். அன்றேல் அதற்குக் குறைவாக அவர் மனச்சாட்சி எவ்வளவு தகுமென்று கருதுகிறதோ அவ்வளவு.

இவ்வொப்பந்தத்தைச் சற்று நின்று படித்தல் வேண்டும். முதலாவது, அக்கால ஓவியம் ‘உள்ளத் தூண்டலால்’ எழுந்ததன்று; கொடுப்போரும் செய்வோரும் எழுத்திற் கையொப்பமிட்டு நடைபெற்ற தொழில் அது. இரண்டாவது, வணிகர் விலைக்குக் கேட்டவை பொன்னும் நீலமும். உயர்ந்த நீலநிறம் இன்றைய ஆப்கானித்தானத்தைச் சேர்ந்த பதக்சான் மலைச்சுரங்கங்களில் எடுக்கப்பட்டு, தரை வழியும் கடல் வழியும் வெனிசுக்கு வந்து, அங்கிருந்து புளோரன்சை அடைந்த மணிக்கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. கன்னி மரியாளின் மேலாடை நீலமாயிருந்தமைக்குப் பக்தியோடு விலையும் ஒரு காரணமாகும். மூன்றாவது, கூலியைக் குறைக்கும் பொறுப்பு ஓவியரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது. துறவி தம் உழைப்பின் விலையை மலிவாக்கக்கூடும் என வணிகர் எதிர்பார்த்தனர் போலும்! 190 புளோரின் என்பது ஒரு கூலியாளின் பல ஆண்டு உழைப்புக்கு ஈடான தொகை. விரதத்தால் வறியராயிருந்த ஒருவரின் கையால், செல்வத்தைக் காட்டும் படம் உருவாயிற்று. அதன் சட்டத்தைச் சுற்றிப் பொற்பின்னணியில் இசைக்கருவி மீட்டும் பன்னிரு தேவதூதர் சிறு படங்களாக இன்றும் உலகெங்கும் அச்சிடப்பட்டு விற்கப்படுகின்றனர். ஆஞ்சலிக்கோ என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது அவர்களே. ஆயின், அவருடைய உயர்வு அங்கில்லை.

அவர் உலகறியாத பக்தர், பழமையின் கடைசிக் குரல் என ஒரு கருத்து நெடுங்காலம் நிலவியது. 16ஆம் நூற்றாண்டில் ஓவியர் வரலாறுகளை எழுதிய வசாரி, அவர் செபஞ் செய்யாது தூரிகையைத் தொட்டதில்லை என்றும், சிலுவைப்பாட்டை வரையுந்தோறும் கண்ணீர் உகுத்தார் என்றும் எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டு அச்சித்திரத்தை மேலும் இனிமையாக்கியது. ஓவியங்களோ வேறு செய்தி கூறுகின்றன. இளம் வயதிலேயே 1428இல் மறைந்த மசாச்சியோ, மனித உடலுக்குக் கனத்தையும் நிழலையும் தந்து, படத்துக்குள் நடமாடத்தக்க வெளியை உண்டாக்கிய புரட்சியாளர். அப்புரட்சியை முதலில் விளங்கிக்கொண்டவர்களுள் பிரா ஆஞ்சலிக்கோவும் ஒருவர். பல்லா ஸ்திரோசியின் பொருளால் சாந்த திரினித்தாக் கோயிலுக்கென 1432ஆம் ஆண்டளவில் அவர் நிறைவேற்றிய ‘சிலுவையிலிருந்து இறக்கல்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். வேறோர் ஓவியர் தொடங்கிய பணி அது. சட்டத்தின் கூர்முடிகளிற் பழைய பாணி நிற்கின்றது. நடுவிலோ முற்றிலும் புதிய உலகம். தஸ்கனி நாட்டின் குன்றுகளும் வயல்களும் பின்னே விரிகின்றன. மதில் சூழ்ந்த நகரொன்று வெயிலில் நிற்கின்றது. வலப்புறத்தே, சமகாலப் புளோரன்ஸ் உடையணிந்த மனிதர் கூடி ஆணிகளையும் முள்முடியையும் கையிலேந்திக் காட்டி நிற்கின்றனர். பொற்றகட்டின் முன் நின்ற புனிதர் மண்ணுக்கு இறங்கி வந்துவிட்டனர்.

கோர்த்தோனா நகருக்கென அவர் தீட்டிய ‘மங்கள வார்த்தை’ப் படத்திலும் இதனைக் காணலாம். தூண்கள் தூரத்திற்கேற்பக் குறுகிச் செல்லும் மண்டபத்திலே தேவதூதரும் மரியாளும் எதிரெதிரே இருக்கின்றனர். தூரத்துக் குன்றின்மேல் ஆதாமும் ஏவாளும் தோட்டத்தினின்று துரத்தப்படுகின்றனர். ஒரே பார்வையில் இரு காலங்கள். தூரத்தை அளவிடும் புதிய கணிதம் இங்கே பழைய போதனைக்குப் பணி செய்கின்றது. அப்பணியினூடே அக்கணிதமும் வளர்கின்றது. வரலாற்றிலே புதியது எப்பொழுதும் பழையதை எதிர்த்து நின்றே பிறப்பதில்லை. பல வேளைகளில் பழையதன் உடையிலேயே அது நடை பயில்கின்றது.

இனி, அவருடைய வாழ்வின் நடுநாயகமான சான் மார்க்கோ மடத்துக்கு வருவோம். 1436இல் பாப்பரசர் நான்காம் யூஜின் புளோரன்ஸ் நகருக்குள்ளிருந்த அம்மடத்தை வேறு சபையாரிடமிருந்து மாற்றிப் பியெசோலேத் துறவியரிடம் கையளித்தார். இடிந்து கிடந்த மடத்தைப் புதுக்கிக் கட்டும் செலவைக் கோசிமோ தெ மெதிச்சி ஏற்றார். கட்டடக் கலைஞர் மிக்கெலோசோ பணியை நடத்தினார். கோசிமோவின் காலத்தவரான நூல் வணிகர் வெஸ்பாசியானோ இதன் காரணத்தை மறையாது எழுதியுள்ளார். தம் செல்வத்தில் ஒரு பகுதி நேர்வழியில் வந்ததன்று என்ற உறுத்தல் கோசிமோவுக்கிருந்தது. பாப்பரசரிடம் பரிகாரம் வினவினார். சான் மார்க்கோவுக்கு 10,000 புளோரின் செலவிடும்படி அவர் கூறினார். இறுதியிற் செலவு 40,000ஐயுங் கடந்தது. வட்டி வாங்குதல் பாவமெனத் திருச்சபை விதித்திருந்தது. அத்திருச்சபையின் பணத்தையும் கையாண்டே மெதிச்சி வங்கி பெருகியது. இம்முரண்பாட்டைத் தீர்க்க வணிகர் கண்ட வழி, பெற்றதில் ஒரு பங்கைக் கல்லாகவும் சாந்தாகவும் வண்ணமாகவும் திருப்பிக் கொடுப்பதாகும். மறுமலர்ச்சிக் கலையின் பொருளாதார அடித்தளங்களுள் இஃதொன்று.

கோயிலின் தலைமைப் பீடத்துக்கென 1438க்கும் 1443க்குமிடையில் பிரா ஆஞ்சலிக்கோ தீட்டிய பெரும்படத்தில் மெதிச்சி குடும்பத்தின் காவற்புனிதரான கோஸ்மாசும் தமியானும் முன்னே முழந்தாளிட்டிருக்கின்றனர். அவர்கள் முழந்தாளிட்டிருக்கும் கம்பளத்தின் கரையிலே மெதிச்சி இலச்சினையின் செவ்வுருண்டைகள் காணப்படுகின்றன. கொடையாளரின் முத்திரை மரியாளின் திருவடி வரை சென்றுவிட்டது. ஆயின் அப்புனிதர் யார்? நோயாளரிடம் கூலி வாங்காது மருத்துவஞ் செய்தவர்களெனப் பழங்கதைகள் போற்றும் இரு சகோதர வைத்தியர். கூலி பெறாத வைத்தியரை, வட்டி பெற்ற குடும்பம் தன் காவலராக வரித்துக்கொண்டது! அப்பெரும்படத்தின் அடித்தட்டுச் சிறுபடங்களிலே அவர்களுடைய வரலாறு தொடராக வரையப்பட்டது. நோய் தீர்ந்த பெண்ணொருத்தி தமியானின் கையில் ஒரு சிறு பொருளைக் கொடுக்கின்றாள். அதனை ஏற்றமைக்காகச் சகோதரனே அவர்மேற் சினங்கொண்டானெனக் கதை கூறும். கோயிலின் நடுவே, கொடையாளரின் கண் முன்னே, ஓவியர் இதனைத் தெளிவாக எழுதிவைத்தார். இதனைக் கண்டனமென நாம் வலிந்து கூறவேண்டியதில்லை. கதையைக் கதையாகவே அவர் கூறினார். எனினும், அக்கதையினுள்ளேயே அதனை விலைக்கு வாங்கியோர்மீதான தீர்ப்பும் அடங்கியிருந்தது. இச்சிறுபடங்கள் பின்னர் பீடத்தினின்று பிரிக்கப்பட்டு இன்று புளோரன்ஸ், மியூனிச், பாரிஸ், டப்ளின், வாஷிங்டன் ஆகிய நகரங்களிற் சிதறிக் கிடக்கின்றன.

பீடத்தை விட்டு மாடிப்படி ஏறினால் வேறோர் உலகம் எதிர்ப்படும். மேல்மாடியில் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வொன்றும் ஒரு துறவியின் உறைவிடம். ஒவ்வொரு சுவரிலும் ஓர் ஓவியம். இவை ஈரச் சுண்ணச்சாந்தின்மேல் சாந்து உலருமுன் தீட்டப்படும் சுவரோவியங்கள். ஒரு நாளில் எவ்வளவு தீட்ட இயலுமோ அவ்வளவு சாந்தே அன்றன்று பூசப்படும். பிழை நேரின் செதுக்கியெடுத்து மீண்டும் பூசுதல் வேண்டும். கொத்தனும் ஓவியனும் அருகருகே நின்று உழைக்கும் தொழில் அது. இவ்வறைகள் அனைத்தும் ஒருவர் கையால் ஆனவையல்ல. இளைஞரான பெனோசோ கொசோலி முதலிய உதவியாளர் பலர் உடனுழைத்தனர் என்பதில் ஆய்வாளரிடையே ஐயமில்லை.

இங்கே பொன்னில்லை, விலையுயர்ந்த நீலம் மிக அருகியே காணப்படும். மண்ணிறங்களும் சுண்ண வெண்மையுமே ஆட்சி செய்கின்றன. ஒப்பந்தம் விதித்த பகட்டு நீங்கியவுடன் எஞ்சியது என்ன? மனிதரும் ஒளியும் மௌனமும். மூன்றாம் அறையிலுள்ள ‘மங்கள வார்த்தை’யில் மண்டபம் வெறுமையானது, தோட்டமில்லை, பூவில்லை, அணியில்லை. மரியாள் எளிய உடையில் ஒரு சிறு மணையில் முழந்தாளிட்டிருக்கின்றாள். அவள் இருக்கும் இடம், பார்க்கும் துறவி இருக்கும் அறையைப் போன்றதே. முதலாம் அறையிலே, உயிர்த்தெழுந்த யேசு மண்வெட்டியைத் தோளிற் சாய்த்துப் புற்றரையில் நடக்கின்றார். மதலேன் மரியாள் அவரைத் தோட்டக்காரனென எண்ணிய வேதாகமச் செய்திக்கேற்ப அமைந்தது அக்காட்சி. ஏழாம் அறையிலே அவர் கண் கட்டப்பட்டு அமர்ந்திருக்கின்றார். அவரை அடிப்போரின் உடல்கள் இல்லை. அந்தரத்திலே கைகள் மாத்திரம் தோன்றுகின்றன. ஒரு கை அறைகின்றது. ஒரு கை கோலால் அடிக்கின்றது. ஒரு தலை தொப்பியை உயர்த்தி, பரிகாசமாய் வணங்கிக்கொண்டே காறி உமிழ்கின்றது. கீழே புனித டொமினிக் ஒரு நூலை விரித்துப் படித்துக்கொண்டிருக்கின்றார். அவமதிக்கப்படும் மனிதனின் தனிமையை இதனினும் சுருங்கக் கூறிய ஓவியம் அக்காலத்தில் வேறில்லை எனலாம். அடிப்பவன் யாரென முகங்காட்ட வேண்டியதில்லை. அதிகாரத்துக்குக் கைகள் இருந்தாற் போதும்.

அதே மாடியிற் கோசிமோவுக்கென ஓர் இரட்டை அறை ஒதுக்கப்பட்டிருந்தது. உலக அலுவல்களினின்று விலகித் தியானஞ் செய்ய அவர் அங்கே வருவார். அவ்வறையின் சுவரில், குழந்தை யேசுவுக்குப் பொன்னும் பரிமளமும் காணிக்கை கொணர்ந்த அரசர் மூவரின் காட்சி தீட்டப்பட்டுள்ளது. மற்ற அறைகளின் ஓவியங்களினும் இது வண்ணச் செழுமை மிக்கது. தவத்துக்கென வகுத்த இடத்திலும் செல்வருக்கு வேறு அறை; வேறு வண்ணம்; செல்வர் காணிக்கை கொடுக்கும் காட்சி! பெனோசோ கொசோலி 1459இல் மெதிச்சி மாளிகையின் தனிக்கோயிலில் இதே அரசர் பவனியைப் பொன் மினுங்க வரைந்து, மெதிச்சி குடும்பத்தாரின் முகங்களையும் அதிற் சேர்த்தபோது, குருவின் சுவரில் அடக்கமாயிருந்தது மாணவனின் சுவரில் வெளிப்பட்டது.

இங்கு நாம் எழுப்பவேண்டிய கடினமான வினா ஒன்றுண்டு. பிரா ஆஞ்சலிக்கோவின் மிகச் சிறந்த ஆக்கங்கள் இவ்வறைகளிலேயே உள. ஆயின் அவற்றைக் கண்டவர் யார்? துறவியரும் அவர்தம் விருந்தினருமே. கம்பளி கழுவிய தொழிலாளியும், சணற்றுணி நெய்தவளும், அச்சுவர்களைப் பூசிய கொத்தனின் மனைவி மக்களும் அவற்றைக் கண்டிலர். நகரத்து உழைப்பின் பயன் கோசிமோவின் பேழை வழியே சென்று ஓவியமாயிற்று. உழைத்தோரோ கதவுக்கு வெளியே நின்றனர். மடம் அரசுடைமையாகி 1869இல் அரும்பொருட் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்ட பின்னரே பொதுமக்கள் அப்படியேறினர். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் அக்கதவு மூடியிருந்தமை ஓவியரின் குற்றமன்று; எனினும் அவருடைய கலையைப் போற்றும் நாம் அதை மறத்தலாகாது.

ஓவியரைச் சூழ்ந்திருந்தோர் ஏழையரின் நிலையை அறியாதவருமல்லர். சான் மார்க்கோவின் தலைவராயிருந்து 1446இல் புளோரன்சின் அதிமேற்றிராணியாரான அந்தோனினோ, நெசவுத் தொழிலாளருக்குப் பேசிய கூலியைப் பணமாகக் கொடாது துணியாகவோ மதிப்புக் குன்றிய நாணயமாகவோ கொடுக்கும் வழக்கத்தைப் பாவமென எழுதிக் கண்டித்தார். வெளியே கையேந்த நாணி வீட்டினுள்ளே பசித்திருந்த குடும்பங்களுக்கு உதவ 1442இல் பன்னிருவர் கொண்ட ஒரு சபையையும் அவர் நிறுவினார். அக்காலத்தில் இவை அரிய செயல்கள். ஆயின் இவற்றின் எல்லையும் வெளிப்படை. கூலியைக் குறைத்தவனைப் பாவியென்றனர். கூலிக்காரன் கழகம் அமைக்கலாம் என எவரும் கூறவில்லை. 1378இல் தெருவில் எழுந்த கோரிக்கை நீதி. 1442இல் வீட்டு வாயிலுக்கு வந்தது ஈகை. ஈகை பசியைத் தணிக்கும். பசி பிறக்கும் முறையை மாற்றாது.

இவ்வெல்லையை ஓவியத்திலேயே காணவேண்டின் நாம் றோமாபுரிக்குச் செல்லவேண்டும். 1445ஆம் ஆண்டளவில் பாப்பரசர் நான்காம் யூஜின் அவரை அங்கு அழைத்தார். யூஜின் 1447இல் இறந்தபின் ஐந்தாம் நிக்கலஸ் பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டுக் கோடையில் ஓர்வியேத்தோ பேராலயத்தில் வேலை செய்யவும் அவர் உடன்பட்டார். அங்கே அவருக்கு ஆண்டுக்கு 200 பொற்காசும், பெனோசோவுக்கு மாதத்துக்கு ஏழும், ஏனைய உதவியாளருக்கு அதனினும் மிகக் குறைவும் கூலியாகப் பேசப்பட்டன. பட்டறையின் கூட்டுழைப்பிலும் படிநிலை இருந்தது. ஆலயக் கூரையில் இரு பகுதிகளோடு அப்பணி நின்றது. அரை நூற்றாண்டு கழித்துச் சிஞ்ஞொரெல்லி என்பவரே அதனை முடித்தார்.

வத்திக்கானில் நிக்கலசின் தனிக்கோயிற் சுவர்களிலே புனித ஸ்தேவானும் புனித லோறன்சும் வாழ்ந்த வரலாறுகள் தீட்டப்பட்டன. நீலமும் பொன்னும் இங்கே மீண்டும் வந்துவிட்டன, பார்ப்பவர் பாப்பரசரல்லவா? ஆயினும் ஒரு காட்சியை நாம் தவறவிடலாகாது. திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி உரோம ஆட்சியாளர் கேட்டபோது, லோறன்ஸ் அதனை வறியோர்க்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, வறியோரே திருச்சபையின் செல்வமெனக் காட்டினார் என்பது கதை. ஓவியத்தில் அவர் கோயில் வாயிலில் நிற்கின்றார். நிலத்தில் ஊர்ந்துவந்த முடவன் கை நீட்டுகின்றான். குருடன் கோலூன்றி வருகின்றான். குழந்தையை ஏந்திய தாய் காத்து நிற்கின்றாள். காசு பெற்ற இரு சிறுவர் ஒருவரையொருவர் அணைத்துச் செல்கின்றனர். எவரும் இழிவாகக் காட்டப்படவில்லை. ஒவ்வொருவர்க்கும் தனி முகம், தனி நிலை. இதற்கு அருகேயுள்ள காட்சியில், லோறன்சிடம் செல்வத்தை ஒப்படைக்கும் பழைய பாப்பரசருக்கு ஐந்தாம் நிக்கலசின் முகம் வரையப்பட்டுள்ளது. செல்வத்தை ஏழைகட்கு ஈந்த கதை, செல்வத்தால் றோமாபுரியை அழகுபடுத்திய பாப்பரசரின் புகழாகவும் மாறிவிட்டது. எனினும், பாப்பரசரின் முகத்தைக் காண வருவோர் அம்முடவனையும் கண்டேயாக வேண்டும்.

1450 முதல் 1452 வரை அவர் பியெசோலே மடத்தின் தலைவராயிருந்தார். பின்னர் மீண்டும் றோமாபுரி சென்று, 1455ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அங்கே காலமானார். மினெர்வாக் கோயிலிலுள்ள அவருடைய சலவைக்கல்லறையில் துறவியுடையில் கிடக்கும் மெலிந்த உருவமொன்று செதுக்கப்பட்டுள்ளது. பழைய கிரேக்க ஓவியன் அப்பெல்லசுக்கு இணையானவன் என என்னைப் புகழவேண்டாம், ஈட்டியதனைத்தையும் ஏழைகட்கு அளித்தேன் என்பதற்காகவே நினையுங்கள் எனப் பொருள்படும் செய்யுளொன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அது அவர் எழுதியதன்று. எனினும் அவரை அறிந்த தலைமுறை அவரை எங்ஙனம் மதித்தது என்பதற்கு அது சான்று. 1982இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. 1984இல் கலைஞரின் காவலரெனவும் அறிவித்தது.

திருச்சபைக்கு உரியவராக அவர் போற்றப்படுதல் இயல்பே. ஆயின் அவரை அவர்களுக்கே விட்டுவிடுதல் நமக்குத் தகுமா? அவரைப் புரட்சியாளரென நாம் கூறப்போவதில்லை. அவ்வாறு கூறுதல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். அவர் நம்பினார், கீழ்ப்படிந்தார், மெதிச்சிக்கும் பாப்பரசருக்கும் பணி செய்தார். ஆனால், பொன்னும் நீலமும் கலையின் உயிரல்ல என்பதை அவருடைய சிற்றறைச் சுவர்கள் மெய்ப்பித்தன. மண்வெட்டி தாங்கிய மனிதனும், கண் கட்டி அடிக்கப்படுபவனும், கோயில் வாயிலில் நிற்கும் முடவனும் ஓவியத்தின் நடுவிடத்துக்கு வரத் தகுதியுடையோர் என்பதை, மதத்தின் மொழியிலேயே எனினும், அவர் தயக்கமின்றிக் கூறினார். புதிய கணிதத்தையும் புதிய உடலறிவையும் அஞ்சாது ஏற்றார். உழைப்பை ஊதியத்துக்காகவன்றிப் பொதுமைக்காகச் செய்யலாம் என்பதை வாழ்ந்து காட்டினார்.

ஆதலின், மதக் கலையைக் காணும்போது நாம் கேட்கவேண்டியது அது மதஞ் சார்ந்ததா இல்லையா என்பதன்று. அதில் மனிதன் எங்கே நிற்கின்றான், அவனை அங்கே நிறுத்தியவர் யார், அவனைக் காணும் உரிமை எவர்க்கு மறுக்கப்பட்டது என்பனவே நம் வினாக்கள். பிரா ஆஞ்சலிக்கோவின் சுவர்கள் முதல் வினாவுக்குப் பெருமையோடு விடை தருகின்றன. மற்ற இரண்டுக்கும் விடை புளோரன்சின் வரிப் பதிவேட்டிலும் சொம்பித் தொழிலாளரின் தோல்வியிலும் எழுதப்பட்டுள்ளது. இவை இரண்டையும் ஒருங்கே படிக்கக் கற்றுக்கொள்ளும் மாணவன், கலையையும் இழக்கமாட்டான், நீதியையும் மறக்கமாட்டான்.